வலி மிகுதி என்று எழுதினேன்

ஓய்வுபெற்ற செவிலியர் சங்கத்து மலருக்கு எழுதச் சொன்னவர்கள், "கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும் சிஸ்டர்" என்றும் சேர்த்துச் சொன்னார்கள். என்னைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். முப்பத்தாறு வருட வேலையில் பிலோமினா சிஸ்டர் சிரித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அது பொய், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் அந்த நாட்கள் வருவதில்லை. வேறொரு நாள்தான் வந்து நிற்கிறது.

போன கூட்டத்தில் இளம் செவிலியர்கள் இரண்டு மூன்று பேர் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வலிக்குப் போடும் கடுமையான ஊசிக்கு இப்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். மருந்தை எடுக்கும்போது இன்னொருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும், காலிக் குப்பியைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். "எங்களைத் திருடின்னு நெனைக்கிறாங்களா சிஸ்டர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் காபியைக் குடித்தேன். அன்றைக்கு என் பக்கத்திலும் ஒருத்தி நின்றிருந்தால் என்ற நினைப்புதான் எனக்கு வந்தது. அதைத்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எங்கள் ஊர் கடலூருக்குப் பக்கம். அப்பா மாதா கோயிலில் உபதேசியார். படுக்கை விரிக்கவும், பெரியவர்கள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருக்கவும் மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பெயர் நர்ஸ் பயிற்சி. முடித்ததும் நெய்வேலிக்கு வந்துவிட்டேன். அறுபதுகளின் தொடக்கம். முந்திரிக் காட்டை வெட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு எங்கே நின்றாலும் கேட்கும். பெர்மனென்ட் ஆட்களுக்கு வேறு ஆஸ்பத்திரி இருந்தது. மந்தாரக்குப்பம் போகிற சாலையில் ஒரு டாக்டரம்மா சொந்தமாக நடத்திய இருபது கட்டில் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்தேன். எங்களிடம் வந்தவர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள்: கொத்தனார்கள், மண் சுமக்கிறவர்கள், சித்தாள் பெண்கள். அந்தக் கட்டடம் இன்றைக்கு இல்லை.

டாக்டரம்மா ஐந்தடிகூட இருக்க மாட்டார். குரலை உயர்த்தியதே கிடையாது. ஆனால் அவர் சோப்புப் போட்டுக் கை கழுவத் தொடங்கினால் நாங்கள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வோம். கழுவி முடிக்கும்வரை பேச மாட்டார், முடித்த பிறகுதான் கேள்வி வரும். காயம்பட்டு வருகிறவர்களுக்கென்று தனி ரிஜிஸ்டர் வைத்திருந்தார். பெயர், ஊர், வந்த நேரம், கூட வந்தவர். அடுத்து, காயம் எப்படி ஏற்பட்டது என்று ஒரு கட்டம். அதில் அடிபட்டவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். பிறகு டேப் வைத்து ஒவ்வொரு காயத்தின் நீளம், அகலம், நிறம். சாயங்காலம் அன்றைய பக்கத்தை அவர் முன்னால் நின்று உரக்கப் படிக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில் மயங்கி விழுந்த ஒருவருக்கு, குடிபோதையில் விழுந்தார் என்று எழுதிவிட்டேன். படிக்கும்போது நிறுத்தச் சொன்னார்.

"அவர் சொன்னாரா?"

"இல்லீங்க டாக்டர். வாயில வாடை வந்துது."

"வாடை உன் மூக்குல வந்தது. அது அவர் கட்டத்துல எதுக்கு? கேட்டு எழுது. நெனைச்சதை எழுதாதே."

அந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி முற்றியிருந்தது, பழம் அழுகினதுபோல் மூச்சு வாடை அதனால் வந்தது என்று மறுநாள் தெரிந்தது. டாக்டரம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்த வரியை என் கையாலேயே அடித்துத் திருத்தச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேட்காமல் எதையும் எழுதியதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

செல்லம்மா என்று ஒரு சித்தாள். பக்கத்தில் வடக்குத்து என்ற ஊர்க்காரி, இருபது இருபத்திரண்டு வயது இருக்கும், கல்யாணமானவள். உதடு கிழிந்து, தோளில் பல் பதிந்து வந்தாள். கூட வந்தவள் அவளுடைய நாத்தனார் அஞ்சலை. குவார்ட்டர்ஸ் வேலையில் சிமெண்ட் வைத்திருந்த கொட்டகைக்குள் கூப்பிட்டு மேஸ்திரி அவளைக் கெடுத்துவிட்டான். செல்லம்மா வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அவள் வாயாலேயே சொல்ல வைத்தார், நான் எழுதினேன். அன்றைக்கே போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குச் சீட்டு அனுப்பினோம். மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் ஏட்டு ஒருவர் வந்தார். "கால் தடுக்கி வுழுந்துட்டான்னு புருஷனே எழுதிக் குடுத்துட்டாம்மா. கேஸ் வேணாங்கிறான். நாங்க என்னா பண்றது?" என்றார். மைன்ஸில் பெர்மனென்ட் வேலை வாங்கித் தருகிறேன் என்று மேஸ்திரி அந்தப் புருஷனிடம் சொல்லியிருக்கிறான். அவனும் நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

முறைப்படி எல்லாம் செய்தோம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்த மேஸ்திரி மறுநாளும் வேலைக்கு வந்து, அதே கொட்டகை வாசலில் நின்று பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் போயிருக்கும். மத்தியானச் சங்கு ஊதிச் சற்று நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. உள்ளே சாக்கின் மேல் அந்த மேஸ்திரி. ஏற்றிக்கொண்டு வந்தவர் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கோதண்டம். வெள்ளைச் சட்டை போட்ட, தணிந்து பேசுகிற மனிதர். டாக்டரம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"சித்தாளுங்க ஏழு பேரு கொட்டகையில உட்டு சட்டியால அடிச்சிட்டாளுங்க டாக்டரம்மா. நடந்தது நடந்துபோச்சு. சாரத்து மேலேர்ந்து வுழுந்தான்னு எழுதிக்குங்க. புள்ளகுட்டிக்காரிங்க, பாவம்."

"அவன் வாயால சொல்லட்டும், எழுதிக்கிறேன்" என்றார் டாக்டரம்மா. அவன் அப்போது பேசும் நிலையில் இல்லை. போலீசுக்குச் சீட்டு எழுதச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். எனக்கு அவர்மேல் கோபமும் கோதண்டத்தின்மேல் மரியாதையும் வந்ததை மறைக்க மாட்டேன்.

காயங்களை அளந்தோம். முதுகிலும் தோளிலும் மண் சுமக்கும் இரும்புச் சட்டியின் விளிம்பு பட்ட தடங்கள், பிறை பிறையாக. இடது விலாவுக்குக் கீழே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. இரண்டு நேர்க்கோடு, நடுவில் வெளுத்த தோல். டாக்டரம்மா அந்த இடத்திலேயே டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது சட்டி இல்லையே" என்றார்.

கட்டட வேலையில் கம்பிக்கா பஞ்சம், ஏழு பேரில் ஒருத்தி எடுத்திருப்பாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அளவை மட்டும் எழுதினேன்.

உள்ளே ரத்தம் கசிந்து வயிறு கல்லாகிவிட்டது. கடலூருக்குக் கொண்டுபோனால் வழியிலேயே போய்விடுவான் என்று டாக்டரம்மா அனுப்பவில்லை. மறுநாள் காலை, எல்லோரும் கைவிட்ட பிறகு, அவனுக்குத் தெளிவு வந்தது. சில பேருக்குக் கடைசியில் அப்படி வரும். "எழுதிக்கிறவங்களக் கூப்புடுங்க. நான் சொல்லணும்" என்றான். மரண வாக்குமூலம் என்றால் மாஜிஸ்திரேட் வர வேண்டும். நோயாளி நல்ல நினைவோடு இருக்கிறான் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் கேட்பார். விருத்தாசலத்துக்கு ஜீப் போயிற்று.

டாக்டரம்மாவுக்கு அடுத்த அறையில் தலைப் பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. போகும்போது என்னிடம் சொன்னார்.

"மாஜிஸ்திரேட் வந்து போனப்புறம் மார்பியா ஊசி போடு, போட்டா மயக்கம் வந்துடும். நடுவுல வலி தாங்கவே முடியலைன்னா நீயே பார்த்துப் போடு. ஆனா தாங்க முடியலைன்னாதான்."

தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். வாசல் முந்திரி மரத்தடியில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு வந்த கோலத்திலேயே, தலையில் சும்மாடு, பக்கத்தில் சட்டியைக் கவிழ்த்து வைத்து. அஞ்சலை எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சிக்குவானா சிஸ்டரம்மா?"

நான் தண்ணீர் பிடிக்கக் குனிந்தேன்.

"சாவடிக்கணும்னு அடிக்கலீங்க. போலீசு வூட்டுக்குப் போச்சு, செல்லம்மா புருசனாண்ட கையெழுத்து வாங்கிக்கினு போயிட்டாங்க. இவன் நேத்து எங்க எதிர்க்கவே நின்னுகினு, அடுத்தது யாருடின்னு கேட்டு சிரிச்சான். நாந்தான் மொதல்ல ஓங்கினேன். மத்தவளுங்க எனக்குப் பின்னாலதான். மாட்டினா என்னை மட்டும் மாட்டச் சொல்லுங்க. எனக்கு மூணு புள்ளைங்க. இந்தக் கனகத்துக்குக் கைக்கொழந்த."

கனகம் என்பவள் தலையைக் குனிந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்லம்மா அங்கே இல்லை.

உள்ளே திரும்பும்போது வராந்தாவில் கோதண்டம் நின்றிருந்தார். "பேசினானா சிஸ்டர்?" என்று கேட்டார். இன்னும் இல்லை, மாஜிஸ்திரேட்டிடம்தான் சொல்வானாம் என்றேன். அவர் முந்திரி மரத்தடியைப் பார்த்தார். "வலியில துடிக்கிறான். இதுக்கெல்லாம் ஊசி இருக்குமே சிஸ்டர், நிம்மதியா தூங்குறதுக்கு" என்றார். அந்தப் பெண்களுக்காக எப்படி உருகுகிறார் என்று நினைத்தேன்.

மேஸ்திரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வலி இருந்தது. ஆனால் முனகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருக்கிறவனைப் போல் கிடந்தான்.

"ஜீப்பு வந்துட்டுதா சிஸ்டர்?"

"வரும்."

"அந்தப் பொம்பளைங்க…" என்று ஆரம்பித்தான்.

"பேசாதீங்க. மூச்சு வாங்கும்" என்றேன்.

எனக்குள் ஒரு கோர்ட் நடந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாதி நான், வக்கீல் நான், ஜட்ஜும் நான். சட்டப்படி நடந்துகொண்ட செல்லம்மாவுக்கு என்ன கிடைத்தது? இவன் இப்போது ஏழு பெயரைச் சொல்லுவான். செல்லம்மாவின் வார்த்தைக்கு வராத ஜீப் இவன் வார்த்தைக்கு வருகிறது. சட்டம் வேண்டியபோது தூங்கும், வேண்டாதபோது விழிக்கும் என்றால், அதைத் தூங்க வைக்க என் கையிலும் ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பாகிவிட்டது. அலமாரியைத் திறந்து குப்பியை உடைத்து மருந்தை ஏற்றினேன். அவன் ஊசியைப் பார்த்தான்.

"இப்ப வாணாம் சிஸ்டர். தாங்கிக்கிறேன். சொல்லிட்டு அப்புறம்…"

போட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது. ரிஜிஸ்டரில் நேரத்தை எழுதி, பக்கத்தில் "வலி மிகுதி" என்று எழுதினேன்.

மாஜிஸ்திரேட் வந்தபோது இரண்டு மணி. டாக்டரம்மா அவன் தோளைத் தட்டிப் பேர் கேட்டார், ஊர் கேட்டார். அவன் நாக்கு குழறியது. மூன்று முறை முயன்றுவிட்டு, நினைவு தெளிவில்லை என்று எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்திரேட் வராந்தாவில் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார். சாயங்கால ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதியபோது மேஸ்திரிக்கு உயிர் இல்லை.

அன்றைக்கும் ரிஜிஸ்டர் படிக்க வேண்டியிருந்தது. படித்தேன். டாக்டரம்மா கை கழுவி முடித்துத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வலி மிகுதியா?"

"ஆமாங்க டாக்டர்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளிலிருந்து ரிஜிஸ்டரைப் படிக்கச் சொல்லி என்னைக் கூப்பிடவே இல்லை. அவரே எடுத்துப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

போலீஸ் விசாரித்தது. சாரத்திலிருந்து விழுந்ததைத் தானே பார்த்ததாகக் கோதண்டம் சொன்னார். பிணப் பரிசோதனையில் அடிபட்டது என்று வந்திருக்கும். ஆனால் யார் கை என்று உடம்பு சொல்லாது. வேறு சாட்சி இல்லை, வாக்குமூலமும் இல்லை. கேஸ் ஒரு வருடம் இழுத்துக்கொண்டு கிடந்து தானாக அடங்கியது. அஞ்சலை கோதண்டத்தின் காலில் விழுந்து கும்பிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோதெல்லாம் கோபத்தைச் சொல்லியிருக்கிறேன், பொறாமையைச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. இது பாவக் கணக்கில் வரும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் வேறு ஆஸ்பத்திரியில் தலைமைச் செவிலி. அந்தக் குவார்ட்டர்ஸ் வேலையில் இருந்த முனுசாமி என்ற பழைய கொத்தனார் நெஞ்செல்லாம் சிமெண்ட் தூசியோடு வந்து படுத்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும் பேச்சுக்குக் குறைவில்லை. பழைய கதை பேசிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பேச்சு வந்தது. சித்தாளுங்க அடிச்சே கொன்னுட்டாங்களே என்று நான்தான் சொன்னேன்.

"எந்தச் சித்தாளு?" என்றார் முனுசாமி. "அவளுங்க அடிச்சிட்டுப் போனப்புறம் அவன் எழுந்து குந்திக்கினு பீடி பத்த வச்சான் சிஸ்டர். நான் சாரத்து மேல இருந்தேன். கொட்டகைக் கூரை இடுக்குல நல்லாத் தெரியும். அப்புறம்தான் சூப்பர்வைசர் உள்ள வந்தாரு. சிமெண்டு மூட்டை வெளிய போற வெவகாரத்துல ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளாத் தகராறு. இஞ்சினீருகிட்ட சொல்லிடுவேன்னு இவன் மெரட்டிக்கினு இருந்தான். அடிபட்டுக் கெடக்கறானே, இதுதான் சமயம்னு நெனச்சாரோ என்னவோ. கம்பியால ஒண்ணே ஒண்ணு. விலாவுல."

இரண்டு நேர்க்கோடும் நடுவில் வெளுத்த தோலும் என் கண் முன்னால் வந்தன. டேப்பைப் பிடித்த டாக்டரம்மாவின் சின்னக் கையும் வந்தது.

"ஏன் அப்பவே சொல்லலை?" என்று கத்திவிட்டேன்.

"யாரு கேட்டா? கேட்டிருந்தா சொல்லியிருப்பனான்னும் தெரியலீங்க. செத்தவன் ஒண்ணும் யோக்கியன் இல்ல. போய்ச் சேர்ந்தான்னு வுட்டுட்டேன்."

நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுதிக் கையெழுத்து வாங்கலாம் என்று காகிதம் எடுத்து வைத்தேன். மறுநாளே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கோதண்டம் அதற்கு இரண்டு வருடம் முன்பே, பெரிய காண்ட்ராக்டராக, மந்தாரக்குப்பத்தில் மாடி வீட்டில் செத்துப் போயிருந்தார். பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பத்துதானா என்று எரிச்சலாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வடக்குத்துக்கு நடந்தேன். அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கிழவியாகிவிட்டாள். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தி இடது கையில் இருந்தது, அடி ஒழுங்காக விழவில்லை, பாதிப் பருப்பு நொறுங்கிக் கிடந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது.

"கைக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க. அந்தக் கையை ஓங்கறதில்ல. அன்னியிலேர்ந்து."

கோதண்டத்தைப் பற்றி அவளே சொன்னாள். ஏழு பேரும் அவருக்கே வேலை செய்தார்களாம், பதினொரு வருடம். வேறு காண்ட்ராக்ட்டுக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "நான் வாயைத் தொறந்தா என்னா ஆவும்னு தெரியுமில்ல" என்பாராம். செல்லம்மாவை அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொண்டார். அதற்குமேல் அஞ்சலை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "இருந்தாலும் எங்களக் காட்டிக் குடுக்காத மனுசன்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பீடியை, கம்பியை, மாஜிஸ்திரேட்டுக்காகக் காத்துக் கிடந்தவனை, வேண்டாம் என்று அவன் சொல்லியும் நான் போட்ட ஊசியை. அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள் என்றும் எதிர்பார்த்தேன். அதற்காகவே போயிருந்தேன் என்றும் சொல்லலாம்.

"பீடி பத்த வச்சானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமா."

நொறுங்கின பருப்பை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அப்போ சொல்லணும் சொல்லணும்னு கெடந்தானே, எங்க பேரையா சொல்ல இருந்தான், அந்தாளு பேரையா?"

"தெரியலை அஞ்சலை."

"நீங்க கிட்டக்கதான இருந்தீங்க சிஸ்டரம்மா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "ஒரு வார்த்தை கேக்கலியா?"

"கேக்கலை" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு கொட்டாப்புளியை எடுத்து அடுத்த கொட்டையை உடைக்க ஆரம்பித்தாள். இடது கையால்தான்.